பல்லும் பாதி மீசையும்

எலக்ட்ரீஷியன் பல் டாக்டரின் நாற்காலியிலிருந்து பயந்து ஓடிவிட்டார் என்று தெரு முழுக்கப் பேச்சு. செருப்பைக்கூட அங்கேயே விட்டுவிட்டாராம். விசாரித்துப் பார்த்ததில் செருப்பு மட்டும் உண்மை. பயந்தது டாக்டர்.

ஒயர் முனையைப் பல்லால் கடித்து உரிப்பது எலக்ட்ரீஷியனின் பழக்கம். இருபது வருடமாக வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்தான் அதற்கு. உரிக்கும் கருவி பையில் புத்தம் புதிதாக இருந்தது. பல் ஆடி, ஈறில் ரத்தம் கசிந்தபோது, தேய்மானம் என்று நினைத்தார். குழாய் வேலை பார்க்கும் மச்சான் பல்லைப் பிடுங்கக் குறடே எடுத்துவிட்டார்.

"ஒரே இழுப்பு, மாப்ள. வாயத் திற."

"போன மாசம் எங்க வீட்டுக் குழாயையும் அப்படித்தான் இழுத்தீங்க. இன்னும் ஒழுகுது."

"பயந்தாங்கொள்ளி! டாக்டர்கிட்டயாவது போ. சாயங்காலத்துக்குள்ள பல்லு வெளிய வரலன்னா உன் மீசையில பாதி எனக்கு."

"எடுத்துக்குங்க."

டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்தார். தாடை எலும்பு தேன்கூடு மாதிரி தெரிந்தது. சந்தேகப்பட்டு ஊசியை உள்ளே விட்டார். இழுக்காமலே சிரிஞ்சில் ரத்தம் ஏறியது. பஞ்சை வைத்து அழுத்திவிட்டுத் தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"கேன்சர் இல்ல, பயப்படாதீங்க. எலும்புக்குள்ள ரத்தக்குழாய் கொத்தா வளர்ந்திருக்கு. ரொம்ப அபூர்வம். பல்லப் பிடுங்கியிருந்தா ரத்தத்த நிறுத்தியிருக்கவே முடியாது. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

எலக்ட்ரீஷியனுக்குக் குறடு ஞாபகம் வந்தது. செருப்பு வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் அவர் கேட்டது ஒரே கேள்வி. "மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தானே கை வைப்பீங்க?"

அப்படித்தான் செய்தார்கள். முதலில் ரத்தம் வரும் வழியை அடைத்தார்கள். மறுநாள் அந்தத் துண்டு எலும்பைப் பல்லோடு வெட்டி எடுத்தார்கள். அதற்கு முன் நர்ஸ் மீசையை முழுசாக மழித்துவிட்டார்.

மச்சான் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். குறடு பிடித்த கையை மடியில் ஒளித்து வைத்திருந்தார். கடைசியில் மாப்பிள்ளையின் மழித்த மேலுதட்டை உற்றுப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரி எடுத்தது கணக்குல வராது, மாப்ள. வளரட்டும்."

எலக்ட்ரீஷியன் இப்போது கருவியால்தான் ஒயர் உரிக்கிறார். மீசை அடர்த்தியாகவே வந்திருக்கிறது. மச்சான் வாரம் தவறாமல் வந்து பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் வளரட்டும்" என்று போகிறார். பாதி மீசை பாக்கி அப்படியே நிற்கிறது. குழாயும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.