ஈயத்தில் ஒட்டிய திருநீறு

சூடேறிய ஈயக்கம்பியிலிருந்து எழும் புகைக்குக் குங்கிலிய மணம் உண்டு. கம்பிக்குள் பிசின் இருப்பதே அதற்குக் காரணம் என்பது பிற்பாடு தெரிந்துகொண்டது. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டின் மழைக்காலத்தில், எங்கள் வீட்டுத் தோட்டத்துத் தாழ்வாரத்தில் அந்தப் புகை முதன்முதலாக எழுந்தபோது, கோயிலில் தூபம் காட்டுகிறார்களோ என்றே பதின்மூன்று வயதுப் பெண்ணாகிய நான் எண்ணினேன்.

திண்டிவனத்தை அடுத்த சிற்றூர் ஒன்றின் சிவன் கோயிலில் என் தந்தையார் ஓதுவார். சந்நிதியில் நின்று பதிகம் பாடக் கிடைத்ததற்கு மேலாக இறைவனிடம் அவர் எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அவ்வாண்டு விழுப்புரத்தில் தொண்டையில் அறுவை செய்துகொண்டு திரும்பியபோது, கோபுரவாசல் கடந்து கணீரென்று ஒலித்த அந்தக் குரல் நூலாக மெலிந்துவிட்டிருந்தது. பண் பிசகவில்லை, ஒலிதான் இல்லை. கோயில் தர்மகர்த்தா நல்ல மனிதர், தயங்கித் தயங்கித்தான் பேச்செடுத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஓதுவாரே. நீங்க பாடுறது வாசப்படியத் தாண்டல. மார்கழிக்கு ஒரு கேசட்டு செட்டு வாங்கியாந்து கட்டிடலாம்னு ஊர்ல பேசிக்கினு இருக்காங்க."

"மொத நாளு நான் பாடுறேங்க. கேக்கலன்னா கட்டிக்குங்க" என்றார் அப்பா.

அப்பாவுக்கு ஒரு மைக்கும் ஒலிபெருக்கிப் பெட்டியும் நாமே செய்துவிடலாம் என்று துணிந்தவன் என் அண்ணன். திண்டிவனத்தில் "ரேடியோ மெக்கானிக்" வகுப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்தான். ஆனால் அவனுக்குக் கை நடுங்கும். புள்ளி பிசகாமல் கோலம் போட்டுப் பழகிய எனக்கு நடுங்காது. பழுதான வானொலியின் மின்சுற்றுப் பலகை ஒன்றை வைத்து இருவருமாகப் பழகினோம்.

"லெட்டச் சுடாத பாப்பா, கம்பியச் சுடு. கம்பி சுட்டுச்சின்னா லெட்டு தானா ஓடியாந்து ஒக்காந்துக்கும்" என்று, ஈயத்தை "லெட்டு" என்றே சொல்லும் வகுப்பில் கேட்டதை அவன் சொல்வான், நான் செய்வேன். ஈயம் உருண்டு என் மடியில் விழுந்து துணியைப் பொசுக்கும்.

"பாவாடைய மட்டும் சூப்பரா பத்த வெக்கிற!"

"நீ புடிச்சிப் பாரேன், வீட்டையே பத்த வெப்ப."

பிறகு ஒரு நாள், ஈயம் கம்பியைச் சுற்றித் தண்ணீரைப் போல் பரவி, அது ஆறும்வரை நான் மூச்சையும் அடக்கிக்கொண்டிருக்க, துலக்கிய வெள்ளிக் கிண்ணம் போல் பளபளத்து நின்றது. அப்படி ஒன்று அமைந்துவிட்டால், பாடம் செய்த பாட்டை முதன்முறை தடுக்காமல் சொல்லி முடித்த நிறைவு நெஞ்சில் ஊறும்.

ஆயுத பூசை வந்தது. அரிவாள்மணைக்கும் தம் தாளத்துக்கும் நடுவில், நாங்கள் ஈயம் பற்றவைக்கும் "சால்டரிங் அயர்ன்" கோலையும் வைத்த அப்பா, அதன் செம்பு முனையில் சந்தனம் பூசி, திருநீற்றைக் குழைத்து மூன்று கோடும் இட்டார். "எம் பாட்டத் தூக்கிக்கினு போவப் போற கோலுடா இது" என்றார். நெற்றியில் வியர்த்தால்கூடத் திருநீறு கலையாமல் ஒற்றியெடுக்கும் வீடு எங்களுடையது. அப்பா இட்டதைத் துடைக்க எங்களுக்கு எப்படி மனம் வரும்? இட்டது இட்டபடியே சூடேற்றினோம். சந்தனம் கருகி முனையில் பொருக்காகப் படிந்தது. அதன்பின் ஈயம் ஒட்ட மறுத்தது. "கோவிச்சிக்கினு இருக்குது" என்றான் அண்ணன். அழுத்தி அழுத்தி, நெடுநேரம் பிடித்து, ஒருவாறு உட்கார வைத்தோம். இணைப்புகளில் பளபளப்பு இல்லை, சாம்பல் பூத்தாற்போல் இருந்தன. ஒட்டிக்கொண்டதே போதும் என்றிருந்துவிட்டோம்.

வீட்டில் பெட்டி பேசத்தான் செய்தது. "சிவ சிவ" என்று அப்பா மைக்கில் சொல்ல, அது பெரிதாகத் திரும்பி வர, அவர் திடுக்கிட்டுத் தம் தொண்டையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.

மார்கழி முதல் நாள் விடியலில் பெட்டியைக் கோபுரவாசலில் வைத்து, நீளமாக ஒயர் இழுத்து, சந்நிதியில் மைக்கை நிறுத்தினோம். முதற்பாட்டு தெருவெங்கும் ஒலித்தது. கோலமிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இரண்டாம் பாட்டின் நடுவே பெட்டி கரகரத்து அடங்கிற்று. அண்ணன் அதைத் தட்டினான், குலுக்கினான், உயிர் வரவில்லை. உள்ளே கண்மூடி நின்ற அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. பதிகம் முழுவதையும் அவர் பாடி முடிக்கும்வரை நிறுத்தச் சொல்ல எவருக்கும் வாய் எழவில்லை.

கண் திறந்தவர், "தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சுங்களா?" என்றார்.

"கேட்டுச்சுங்க ஓதுவாரே" என்றார் தர்மகர்த்தா, நிலத்தைப் பார்த்தபடி.

மறுநாள் நாங்கள் போய்ச் சேருமுன்பே கோபுரவாசலில் கேசட்டு பாடிக்கொண்டிருந்தது. அப்பா வெளியிலேயே நின்று ஒரு பாட்டு முழுவதையும் கேட்டார். "நல்ல குரலு" என்றார். உள்ளே சென்று வணங்கினார், பாடவில்லை. அதன்பின் வீட்டு விளக்கின் முன்னால்தான் பாடினார், அருகில் அமர்ந்தால் மட்டும் கேட்கும்படி.

பெட்டியையும் கோலையும் திண்டிவனத்து ரேடியோக் கடைக்கு எடுத்துப் போனோம். கடைக்காரர் முனையைச் சுரண்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இன்னாப்பா, அயர்னுக்கு நெத்தின்னு நெனச்சிக்கினீங்களா, பட்டை அடிச்சி வெச்சிக்கிறீங்க? இதுல எப்பிடி லெட்டு ஒட்டும்?"

விட்டுப்போன இணைப்பையும் காட்டினார். கேசட்டு வந்துவிட்ட பிறகு இனி எதற்கென்று சரிசெய்யாமலே எடுத்து வந்தோம். வீட்டு வாசலில் அண்ணன் சொன்னான்: "அப்பாவுக்குத் தெரிய வேணாம் பாப்பா."

தெரியாமலே அவர் சிவனடி சேர்ந்தார். அண்ணன் அந்த வகுப்புக்குப் பிறகு போகவில்லை. கேசட்டும் போய், குறுந்தகடும் போய், இப்போது எங்கள் கோயிலில் கைப்பேசி பாடுகிறது. பாடியவர் எவரெவரோ, அப்பாவின் குரல் மட்டும் எதிலும் இல்லை.

பெட்டி என்னிடம் இருக்கிறது. ஆயுத பூசையில் அந்தக் கோலின் மரப்பிடிக்கு மட்டும் திருநீறு இடுகிறேன். விட்டுப்போன இணைப்பு எதுவென்று எனக்குத் தெரியும். முனையைத் துலக்கிச் சூடேற்றினால் ஒரு நொடியில் உருகிச் சேர்ந்துவிடும். பெட்டியைத் திறந்து கோலை அதனருகே கொண்டு சென்றதும் உண்டு. ஆனால் அந்த மங்கிய ஈயத்துக்குள் அப்பாவின் விரல் இட்ட நீறு ஒரு துகளாவது இருக்கும். அதை உருக்க இன்றளவும் என் கை எழவில்லை.