பத்தொன்பது ஓட்டு

எதையாவது காட்டி முதல் தடவையிலேயே "நல்லா இருக்கு" என்று என் அண்ணியைச் சொல்லவைத்தவர் இன்னும் பிறக்கவில்லை. அண்ணன் ஆசையாக வாங்கிக்கொடுத்த கைக்கடிகாரத்தை, நாளுக்கு நாற்பது விநாடி பிந்துகிறது என்று கடைக்கே திருப்பி அனுப்பியவர். நான் கொடியில் காயப்போட்ட துணியை எடுத்து, உதறி, மறுபடி காயப்போடுவார். அதை நான் இல்லாதபோது செய்தாலாவது கொஞ்சம் மரியாதை மிஞ்சும். நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே செய்வார். பதினொரு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். என் பொறுமையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை.

அண்ணிக்கு வேலையும் குணத்துக்கு ஏற்றாற்போலவே வாய்த்தது. ஃபிரிட்ஜ் செய்யும் தொழிற்சாலையில், கதவுப் பிரிவில் பரிசோதகர். ஃபிரிட்ஜ் கதவின் ஓரத்தைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை ஓடுமே, அது சரியாகப் பிடிக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுப்பார். காகிதம் பிடிபட்டு நின்றால் பாஸ். வழுக்கிக்கொண்டு வந்தால் கதவில் சிவப்பு ஸ்டிக்கர். ஒரு கதவுக்குப் பன்னிரண்டு இடத்தில் பார்த்தால் போதும் என்பது விதி. அண்ணி பதினாறு இடத்தில் பார்ப்பார். கேட்டால், "மூலையை யாரு பாக்குறது?" என்பார். சூப்பர்வைசர் அவர் மேஜைப் பக்கம் வரும்போதே முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வருவார்.

நான் அதே தொழிற்சாலையில் லோடிங். அண்ணி பாஸ் போட்டது பெட்டிக்குள் போனபிறகு அதை லாரியில் ஏற்றுவேன். அண்ணனும் என்னோடு லோடிங்கில்தான் இருந்தான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் முதுகில் அடிபட்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டான். சமையல், இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டுக்காரரிடம் சண்டை எல்லாம் அவன் பொறுப்பு. ஆக ஐந்து பேர் வாழ்வது அண்ணி சம்பளத்திலும் என் சம்பளத்திலும். இரண்டும் ஒரே கேட்டிலிருந்து வருகின்றன.

அந்த கேட்டைத்தான் மூடப்போவதாக கம்பெனி சொன்னது. நேரடியாகச் சொல்லவில்லை. கதவுப் பிரிவை, கூலி குறைவான வேறொரு ஊருக்குக் கொண்டுபோக யோசிப்பதாகச் சொன்னது. கதவு போனால் பின்னாலேயே எல்லாம் போகும் என்பது காவலாளிக்கும் தெரியும். போகாமல் இருக்கவேண்டுமானால் ஊழியர்கள் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும், இரண்டு இடைவேளையில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுத்தால் நாலு வருஷத்துக்கு இங்கிருந்து அசைய மாட்டோம் என்று எழுதித் தருவார்களாம். சங்கம் ஓட்டு வைத்து வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மூன்று வாரம் உடை மாற்றும் அறைக்குள் மனுஷன் நிம்மதியாகச் சட்டையைக் கழற்ற முடியவில்லை. "குறைஞ்ச சம்பளமாவது வருமேப்பா" என்று ஒருவன் சொல்வான். "நாலு வருஷம் கழிச்சு மறுபடி வந்து கை நீட்டுவான். அப்ப எதைக் குடுப்ப, சட்டையையா?" என்று அடுத்தவன் எகிறுவான். ஓட்டை நடத்தும் பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்று வந்தபோது மட்டும் இரண்டு பக்கமும் ஒரே பெயரைச் சொன்னது. அண்ணியைப் பிடித்துப்போய் அல்ல. அவரிடம் யாரும் எதையும் சாதித்துக்கொள்ள முடியாது என்பதால்.

வெள்ளிக்கிழமை காலையில் கேன்டீனில் ஓட்டு. அண்ணி பட்டியலைப் பார்த்துப் பெயரைக் கூப்பிடுவார், கையெழுத்து வாங்குவார், ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். சீட்டில் "சம்மதம்", "சம்மதம் இல்லை" என்று இரண்டு கட்டம். லோடிங் ஆட்கள் பத்தொன்பது பேரையும் கூப்பிட்டார், நாங்களும் போனோம். என்னிடம் யாரோ மூன்றாம் மனிதனுக்குக் கொடுப்பதுபோலச் சீட்டை நீட்டினார். நான் "சம்மதம்" போட்டேன். கதவு போய்விட்டால் லாரியில் எதை ஏற்றுவது?

மூன்று மணிக்கு எண்ணி முடித்தார்கள். சம்மதம் இருநூற்றுப் பதினாலு. இல்லை என்றவர்கள் இருநூற்று மூன்று. சிலர் கைதட்டினார்கள், சிலர் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார்கள். எனக்கு மூன்று வாரமாக அடைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. சங்கச் செயலாளர் முடிவுத் தாளை நிரப்பிவிட்டு அண்ணியிடம் பேனாவை நீட்டினார். செயலாளருக்குச் சட்டுபுட்டு என்று பட்டப்பெயர். எதையும் சட்டுபுட்டென்று முடிக்கச் சொல்வாரே தவிர, அவர் முடித்து நான் பார்த்ததில்லை.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. சட்டுபுட்டுனு கொண்டுபோய்க் குடுத்துடலாம்."

அண்ணி பேனாவை வாங்கவில்லை. கையெழுத்துத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர் ஒரு தாளில் நின்றார். என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். பிள்ளைகளின் நோட்டில் அதைப் பார்த்துப் பார்த்து அலுத்தவர் அவர்.

"இது எங்க கொழுந்தன் கையெழுத்து" என்றார்.

"சரி, அதுக்கென்ன?"

"அவர் லோடிங்ல இருக்கார். லோடிங் ஆளுங்க நாலு மாசமா காண்ட்ராக்ட்காரர்கிட்ட இருக்காங்க. சங்கத்துல இல்ல. பத்தொன்பது பேர் ஓட்டு இதுல விழுந்திருக்கு."

அது உண்மைதான். போன வருஷம் கம்பெனி இதேபோல் வந்து, லோடிங்கை மட்டும் வெளியாளிடம் விட்டுவிடுங்கள், மற்றவர்களைத் தொடமாட்டோம் என்றது. அதற்கும் ஓட்டு வைத்தார்கள், சுலபமாக நிறைவேறியது. நாலு மாசத்துக்கு முன்னால் எங்கள் நீலச் சட்டையை வாங்கிக்கொண்டு சாம்பல் சட்டை கொடுத்தார்கள், சம்பளத்தையும் குறைத்தார்கள். பட்டியலிலிருந்து எங்கள் பெயரை எடுக்க மட்டும் சட்டுபுட்டுக்கு நேரம் கிடைக்கவில்லை. எங்களுக்கும் உறைக்கவில்லை.

வித்தியாசம் பதினொன்று, நாங்கள் பத்தொன்பது. கேன்டீன் முழுவதும் ஒரே நேரத்தில் மனக்கணக்குப் போட்டது.

"காலையில பேரைக் கூப்பிட்டு டிக் போட்டது நீங்கதானம்மா?" என்றார் சட்டுபுட்டு.

"நான்தான். தப்பு என்னோடது. தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

"உங்க வேலை பிழைச்சிருச்சு, உங்க கொழுந்தன் வேலையும் பிழைச்சிருச்சு. இப்பப் போய் இதைக் கிண்டணுமா?"

பேக்கிங்கில் இருக்கும் ஒருவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "லோடிங்காரனுங்க எல்லாம் சம்மதம்னுதான் போட்டிருப்பானுங்க. அவனுங்களுக்கு என்ன, ஏற்கெனவே குறைச்சாச்சு. அதைக் கழிச்சா சம்மதம் தோத்துப்போச்சு."

சட்டுபுட்டு எங்கள் பக்கம் திரும்பி, கண்ணாலேயே ஜாடை காட்டினார். எங்கள் ஓட்டு எதிர்ப்பக்கத்தில் கழிந்தால் சம்மதம் ஜெயித்தபடியே நிற்கும். "நீங்க எல்லாரும் சம்மதம் இல்லைன்னுதானேப்பா போட்டீங்க?"

"ஆமாங்க. பத்தொன்பது பேரும் இல்லைன்னுதான் போட்டோம்" என்றார் எங்கள் மேஸ்திரி, கொஞ்சமும் கூசாமல். ஒரு பெட்டியை இரண்டு பேர் தூக்கினால் ஒரே பக்கம் நடக்கத் தெரியாத கூட்டம் நாங்கள். அந்த நேரத்தில் மட்டும் பத்தொன்பது தலையும் ஒன்றாக ஆடியது. என் தலையும்தான். எதிர்ப்பக்கத்தார் மேஜையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

"ஓட்டு ரகசியம். யாரு எதுக்குப் போட்டாங்கன்னு யாரும் சொல்ல வேணாம்" என்றார் அண்ணி. சீட்டுகளை வாரிப் பெட்டிக்குள் போட்டு மூடினார். "நாளைக்குக் காலையில மறுபடி ஓட்டு. மெம்பர்ஸ் மட்டும்."

என்னால் பொறுக்க முடியவில்லை. மேஜையருகே போய் மெதுவாகச் சொன்னேன். "அண்ணி, வீட்டை நினைச்சுப் பாருங்க."

"நினைச்சுட்டுதான் சொல்றேன். நீ தள்ளி நில்லு தம்பி. இது மெம்பர்ஸ் நிக்கிற இடம்."

நானூறு பேர் முன்னால் முகத்தில் அடித்ததுபோல இருந்தது. தள்ளி நின்றேன்.

கம்பெனி முனகிக்கொண்டே சனிக்கிழமை பன்னிரண்டு மணிவரை தவணை கொடுத்தது. கேட்டைத் தாண்டுவதற்குள் பாதிப்பேர் அண்ணியைத் திட்டினார்கள், மீதிப்பேர் என்னைத் திட்டினார்கள். வீட்டுக்கு வந்தால் அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். விஷயம் எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"ஜெயிச்ச ஓட்டை யாராவது கையால கலைப்பாங்களா?"

"அது ஜெயிச்ச ஓட்டு இல்ல" என்றார் அண்ணி, செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"எனக்கு முதுகு போச்சு. நாளைக்கு உங்க ரெண்டு பேர் வேலையும் போச்சுன்னா பிள்ளைங்களை வச்சுக்கிட்டு எங்க போய் நிக்கிறது? அதையாவது சொல்லிட்டுப் போ."

அண்ணி அடுப்படிக்குப் போய், அண்ணன் கழுவி வைத்த பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தார். நான் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

சனிக்கிழமை மெம்பர்கள் மட்டும் கேன்டீனில் ஓட்டுப் போட்டார்கள். நாங்கள் சாம்பல் சட்டையோடு லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தோம். ஏற்றும் இடத்திலிருந்து கேன்டீன் ஜன்னல் தெரியும். எங்கள் பிழைப்பை அங்கே யாரோ எண்ணிக்கொண்டிருக்க, இங்கே நின்று எட்டிப் பார்ப்பதைப்போல எரிச்சலான விஷயம் வேறில்லை. மேஸ்திரி அன்று ஒரு பெட்டியைக்கூட ஒழுங்காக அடுக்கவிடவில்லை. பதினொன்றரைக்கு முடிவு வந்தது. சம்மதம் இருநூற்றொன்று, இல்லை நூற்றுத் தொண்ணூற்றேழு. அண்ணி கையெழுத்துப் போட்டார். முந்தின நாள் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் எங்களில் ஆறு பேர் இல்லை என்று போட்டிருக்கவேண்டும். யார் அந்த ஆறு பேர் என்று கேட்டால், பத்தொன்பது பேரும் அது தாங்கள் அல்ல என்று சத்தியம் செய்தார்கள்.

"அதே பதில்தானே வந்துச்சு. இதுக்கா நானூறு குடும்பத்தைத் தூங்கவிடாம அடிச்சீங்க?" என்று சட்டுபுட்டு கேட்டுவிட்டுப் போனார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் பக்கம் நியாயம் இருப்பதாக எனக்குப்பட்டது.

இரண்டு மணிக்கு பஸ் நிறுத்தத்தில் நானும் அண்ணியும் மட்டும் நின்றோம். வெயில் மண்டையைப் பிளந்தது. நான்தான் ஆரம்பித்தேன்.

"நாலே ஓட்டு அண்ணி. மூணு பேரு மனசு மாறியிருந்தா நாம தெருவுல."

"தெரியும்."

"நீங்க என்ன போட்டீங்க? முடிஞ்சுதான் போச்சே, சொல்லுங்க."

"ரெண்டு நாளும் சம்மதம்னுதான் போட்டேன்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "அப்புறம் எதுக்கு எங்க உயிரை வாங்கினீங்க? சம்மதம்தான் வேணும்னா நேத்தே கையெழுத்துப் போட்டு முடிச்சிருக்கலாமே?"

அண்ணி பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னார். "போன வருஷம் லோடிங்கை வெளிய விடலாமான்னு ஓட்டு வச்சாங்கல்ல. அப்பவும் சம்மதம்னுதான் போட்டேன்."

முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. நாலு மாசமாக ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போது கம்பெனியைத் திட்டியிருக்கிறேன், சட்டுபுட்டைத் திட்டியிருக்கிறேன், எங்களைக் கைவிட்டவர்கள் விளங்கவே மாட்டார்கள் என்று சபித்திருக்கிறேன். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் ஞாபகம் வரலியா அண்ணி?"

"வந்துச்சு. உன் பேரை மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேதான் சீட்டை மடிச்சேன். உனக்குக் குறைஞ்சாலும் என்னோடது முழுசா இருந்தா பிள்ளைங்களுக்குப் போதும்னு நினைச்சேன்." பையைக் கை மாற்றிக்கொண்டார். "உங்களை வெளிய தள்ளுனதுல நானும் ஒருத்தி. தள்ளிட்டு, அதே உங்க ஓட்டை வச்சு என் வேலையைக் காப்பாத்திக்க நேத்து எனக்கு மனசு வரல தம்பி. அவ்வளவுதான்."

கேட்கவேண்டியதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வாய்வரை வந்தது. அதற்குள் அண்ணி கேட்டார். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"நேத்து நீயும் சம்மதம்னுதானே போட்ட? குறையப்போறது என் சம்பளம்தானே. போடும்போது என் ஞாபகம் வந்துச்சா?"

அந்தச் சீட்டை அவர் கையிலிருந்துதான் வாங்கினேன். அவருக்கு மூன்றடி தள்ளி நின்றுதான் டிக் போட்டு மடித்தேன். வந்தது என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"வரல அண்ணி" என்றேன்.