சீருடையை மறைத்த சட்டை

எனக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவர் என் அம்மா. வேறு யாராவது இதைச் சொன்னால் சண்டைக்குப் போவேன். நானே சொல்வதால் பரவாயில்லை. அதுவும் சாதாரணப் பொய் இல்லை. காலை ஆறே காலுக்குக் குளித்து, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்துச் சொல்ல வேண்டிய பொய். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. நன்றாகவே சொன்னேன்.

அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. எல்லைக்கு இந்தப் பக்கம், உலு திராமில் எங்கள் தாமான் குடியிருப்பில் பாதி வீடுகளில் அப்படித்தான். விடியும் முன் மோட்டார் சைக்கிளை எடுத்துப் பாலத்தைக் கடந்துபோய், இருட்டிய பிறகு திரும்பி வருகிற அப்பாக்கள். தொற்று பரவுவதால் எல்லையை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்த அன்று, அப்பா ஒரு பையில் மூன்று சட்டைகளைத் திணித்துக்கொண்டு, "ரெண்டு வாரந்தான் லா, என்ன இப்ப" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இரண்டு வாரம் ஒன்றரை வருடம் ஆனது. அங்கே நான்கு பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தார். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன், சரியாக ஆறே காலுக்கு, கைப்பேசியில் கூப்பிடுவார். "எங்க, மொகத்தக் காட்டு" என்பார். நான் காட்டுவேன். பார்த்துவிட்டுப் போவார்.

இடையில் சாஆ என்ற ஊரில் இருந்த பெரியப்பா போய்விட்டார். இருமிக்கொண்டே தானாக நடந்துபோய் ஆம்புலன்சில் ஏறியவர். பத்தாம் நாள் வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் எரித்தார்கள். கூடப்பிறந்த தம்பியால் பாலத்தைக் கடக்க முடியவில்லை. எங்களாலும் மாவட்டத்தைத் தாண்ட முடியவில்லை. அம்மா கைப்பேசியை அரிசி வாளியின் மேல் சாய்த்து வைத்தார். நாங்கள் இங்கிருந்தும் அப்பா அங்கிருந்தும் அதைப் பார்த்தோம். படம் நடுநடுவே நின்று நின்று போனது. அப்பா அன்றைக்கு அழவில்லை. "போதும், அமத்திடு" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவருடைய பயம் மொத்தமும் என்மேல் வந்து விழுந்தது. வாசலுக்குப் போகாதே, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேராதே, பூனையைத் தொடாதே என்று தினம் ஒரு சட்டம்.

இந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடம் மறுபடியும் திறப்பதாகக் கடிதம் வந்தது. வகுப்பை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு வாரம் ஒரு கூட்டம், மறுவாரம் மறு கூட்டம். நான் முதல் கூட்டம். அனுப்ப விருப்பமில்லாத பெற்றோர் எழுதிக் கொடுத்தால் போதும் என்றும் அதில் இருந்தது. அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "எழுதிக் குடுத்துடு. ஒரு வருசம் போனா போவட்டும். பிள்ள இருந்தா எப்ப வேணும்னாலும் படிச்சுக்கும்."

அம்மா, "சரிங்க" என்றார். அவ்வளவு பணிவாக அவர் சரி சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை என்னை எழுப்பிக் குளிக்கவைத்து, சீருடையை, வெள்ளைச் சட்டையையும் அதன்மேல் போடும் கையில்லாத நீலப் பினாபோரையும், மாட்டிவிட்டார். ஆறே கால் நெருங்கியதும் அலமாரியிலிருந்து அப்பாவின் பழைய டீ-சட்டை ஒன்றை எடுத்து அதற்கு மேலே போட்டுவிட்டார். வேலையிடத்து விளையாட்டுப் போட்டியில் கொடுத்த மஞ்சள் சட்டை. எனக்கு முட்டிவரை தொங்கியது. வெள்ளைக் காலரை உள்ளே மடித்துவிட்டு, "கைய தூக்காத. அப்பாகிட்ட சொல்லாத, பயந்துக்குவாரு" என்றார்.

அப்பா கூப்பிட்டார். முகத்தைக் காட்டினேன். "அட, எஞ்சட்டையா?" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். "அப்பா நெனப்பு வந்துருச்சா?" ஆமாம் என்றேன். அது பொய்யும் இல்லை. ஆறரைக்கு வேன் வந்தது. மஞ்சள் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன்.

அம்மாவின் நியாயங்களை எல்லாம் இப்போது வரிசையாக என்னால் சொல்ல முடியும். அவருக்குத் தொழிற்சாலையில் வேலை. பகலில் என்னைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு மக்சிக், அந்த மலாய்க்கார அத்தை, மகளின் பிரசவத்துக்காகக் கோத்தா திங்கி போய்விட்டார். வீட்டில் இருந்தது ஒரே ஒரு கைப்பேசி. அதில் உடல்நலப் பதிவைக் காட்டினால்தான் தொழிற்சாலைக்குள் விடுவார்கள் என்பதால் அது அம்மாவோடு போய்விடும். அதனால் ஆன்லைன் வகுப்பும் எனக்கு இல்லை. பூட்டிய வீட்டில் காலையிலிருந்து நான்கு மணிவரை நானும் சுவரும்தான். இதை அப்பாவிடம் சொன்னால் வேலையை விட்டுவிடு என்பார். அப்போது இது எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. அப்பா என்மேல் உயிராக இருக்கிறார், அம்மா என்னைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பள்ளிக்கூடம் போக எனக்கும் கொள்ளை ஆசை என்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதல் நாள் பள்ளி வாசலில் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! பெற்றோர் உள்ளே வரக்கூடாது, பிள்ளைகளை விட்டதும் போய்விட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் நகரவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஓர் அப்பா, "டேய், மாஸ்க்க மூக்குக்கு மேல ஏத்துடா!" என்று மகனைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தார். அவன் எனக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போக, அவர்களின் அம்மாக்கள் அழுதார்கள். என் அம்மாவும் நின்றார். வேனுக்குப் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் தொழிற்சாலை உடுப்போடு நின்றுகொண்டிருந்தார். என் தோழி, "அங்க பாரு, உங்கம்மா ராக்கெட்ல போறவங்க மாதிரி நிக்கறாங்க" என்றாள். எனக்கு மானம் போனது. தெரியாதவள் போல வகுப்புக்குள் நுழைந்துவிட்டேன்.

அம்மா வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. தினமும் காலையில் கோப்பித் தூள் டின்னைத் திறந்து என் மூக்குக்கு முன்னால் நீட்டுவார். "வாசம் வருதா?" வருகிறது என்று சொன்னால்தான் அப்பாவின் சட்டை, வேன் எல்லாம். ஒரு நாள் வேண்டுமென்றே, "இல்லியே" என்றேன். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து நானே பயந்து, "வருது, வருது" என்று கத்தினேன். அப்பாவிடமும் இந்த விளையாட்டை விளையாடினேன். "நீங்களும் கோப்பிய மோந்து பாருங்க." அவர் கோப்பையைத் தூக்கி மோந்து, "கமகமன்னு வருது" என்றார்.

அந்த நாட்களில் அப்பா கைப்பேசியை முகத்துக்கு மிக நெருக்கமாகப் பிடிக்கத் தொடங்கியிருந்தார். கண்ணும் மூக்கும் காலரும் மட்டும்தான் தெரியும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் பனியனோடு இருப்பவர், இப்போது வேலைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு பேசினார். அம்மாகூட ஒரு நாள் கேட்டார், "என்னங்க, வெள்ளனவே சட்டைய மாட்டிட்டீங்க?"

"இப்ப சீக்கிரம் கெளம்பச் சொல்றாங்க" என்றார் அப்பா. பேச்சும் இரண்டு வரியில் முடிந்துவிடும்.

எங்கள் கூட்டத்துக்கு இரண்டாவது முறை வந்த பள்ளி வாரத்தில், புதன்கிழமை காலை பத்து மணிக்கு, எங்கள் வகுப்பை மட்டும் எழுப்பி மண்டபத்தில் தள்ளித் தள்ளி உட்காரவைத்தார்கள். முந்தின நாளிலிருந்து வராமல் இருந்த என் தோழிக்குத் தொற்று. ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி போனது. அம்மா வந்தார். என்னை ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போய், வெயிலில் வரிசையில் நின்று, மூக்கில் குச்சி விட்டு, வீட்டுக்கு வர மணி இரண்டரை.

வந்ததும் வராததுமாக என் பையைக் கவிழ்த்துச் சுடுதண்ணீரில் போட எல்லாவற்றையும் எடுத்தார். அப்போதுதான் அந்த மாஸ்க் விழுந்தது. இளஞ்சிவப்பில், பூனை முகம் போட்டது.

"இது யாருது?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். என்னுடையது அம்மா தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த வெறும் நீல மாஸ்க், பார்க்கவே அழுமூஞ்சி. தோழியிடம் பூனை மாஸ்க் இருந்தது. திங்கட்கிழமை ஓய்வு நேரத்தில் கழிப்பறையில் மாற்றிக்கொண்டோம். வகுப்பில் பாதிப் பெண்கள் அப்படித்தான் செய்தார்கள். ஸ்டிக்கர் மாற்றுவது போல.

அம்மா கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அவர் அடித்தது முதல் முறை அல்ல. ஆனால் அன்று அடித்த கையோடு நேராகப் பின்கட்டுக் குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். என்னைத் தொட்டதற்காகக் கழுவுகிறார்! எனக்கு அறையைவிட அதுதான் வலித்தது. அவர் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தது தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

கைப்பேசி மேசைமேல் அடித்தது. அப்பா. மதியம் மூன்று மணிக்கு அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

நான் மஞ்சள் சட்டையைத் தேடவில்லை. கைப்பேசியை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, தலையிலிருந்து கால்வரை தெரிகிற மாதிரி தள்ளிப்போய் நின்றேன். வெள்ளைச் சட்டை, நீலப் பினாபோர், பள்ளிச் சின்னம் எல்லாம் தெரிய.

"பாருங்கப்பா. நான் ஸ்கூலுக்குத்தான் போறேன். ஆரம்பத்துலேருந்தே. அம்மாதான் உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க. இப்ப அடிக்கிறாங்க."

அன்று அப்பாவும் வேலைச் சட்டையில் இல்லை. வெளிறிய நிறத்தில் தொளதொளவென்று ஏதோ போட்டிருந்தார். பின்னால் பச்சைத் திரை ஒன்று தொங்கியது. மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு பட்டை. புதுக் கடிகாரம் வாங்கியிருக்கிறார், நமக்குச் சொல்லவில்லை என்று நினைத்தேன். ஏன் இந்த நேரத்தில் கூப்பிட்டீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்கு என் வழக்குத்தான் பெரிது.

"வளந்துட்ட" என்றார். விட்டு விட்டுப் பேசினார். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசுகிறார், அம்மாவுக்கு இன்றைக்கு இருக்கிறது என்று எனக்கு உள்ளூரக் குஷி. "பாவாட... முட்டிக்கு மேல ஏறிருச்சே. எங்க... ஒரு சுத்து சுத்திக் காட்டு."

சுற்றிக் காட்டினேன்.

"மாஸ்க்க... ஒழுங்கா போடு. அம்மாவ எதுத்துப் பேசாத." மூச்சு வாங்கியது. "நான் பாத்தத அவகிட்ட சொல்லாத. பயந்துக்குவா."

அவ்வளவுதான். வைத்துவிட்டார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பொண்டாட்டிக்குப் பயந்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். அழைப்பு வந்த தடத்தை அழிக்க எனக்குத் தெரியும். நான்தான் தேறிய பொய்க்காரி ஆயிற்றே. அழித்துவிட்டேன்.

மறுநாள் எனக்குத் தொற்று இல்லை என்று வந்தது. இருந்தாலும் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது என்றார்கள், அம்மாவும் சேர்த்து. பள்ளிக்கூடம் இல்லாதபோதும் ஆறே காலுக்கு நான் மஞ்சள் சட்டையில் நின்றேன். அப்பா கழுத்துப் பொத்தான் போட்ட வேலைச் சட்டையில் வந்தார். மூன்று பேரும் நல்லபடியாகப் பேசிக்கொண்டோம். ஆறாம் நாள் அழைப்பு வரவில்லை. அம்மா கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு மணிவரை நின்றார். அப்பாவோடு அறையில் இருந்த அண்ணன் ஒருவர்தான் பிறகு கூப்பிட்டார். பத்து நாளாகவே அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தாராம். வீட்டுக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாராம். அதற்கும் முன்பே வாசனையும் ருசியும் போய்விட்டதாம்.

அதே அரிசி வாளி. அதே கைப்பேசி. இந்த முறை படம் ஒருமுறைகூட நிற்காமல் ஓடியது.

எல்லை திறந்த பிறகு அந்த அண்ணன் அப்பாவின் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் அந்த வேலைச் சட்டை இருந்தது. அம்மா அதை மோந்து பார்த்தார். ஆஸ்பத்திரி மருந்து வாசம்தான் வந்தது.

ஒவ்வொரு வருடமும் திவசத்தன்று, படையல் போட்டுவிட்டு அம்மா அதே வார்த்தையைச் சொல்வார். "அவருகிட்ட மறைச்சது அந்த ஒண்ணுதான். பிள்ள பத்திரமா வீட்டுல இருக்குன்னு நம்பிக்கிட்டே போயிட்டாரு." நான் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சொல்லாதே என்றது அப்பா கேட்ட கடைசி விஷயம். அதை மீறக்கூடாது என்று இருந்தேன். அதைவிட, காட்டிக்கொடுத்தவள் நான் என்பதைச் சொல்லப் பயம்.

போன மாதம்தான் சொன்னேன். அம்மா மஞ்சள் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். மடித்தபடியே கேட்டுக்கொண்டார்.

"திட்டினாரா?"

"இல்லம்மா. பாவாட முட்டிக்கு மேல ஏறிருச்சுன்னாரு."

அம்மா சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு, "நானும் பாத்தேன்டி. மடிப்பப் பிரிச்சு எறக்கித் தச்சுடணும்னுதான் இருந்தேன். நேரமே கெடைக்கல" என்று அழுதார்.

அப்பா ஒன்றரை வருடமாக என் முகத்தை மட்டும்தான் பார்த்திருந்தார். ஒரு சுற்று சுற்றிக் காட்டு என்று அவர் கேட்டபோது, அடுத்து திட்டப்போகிறார் என்று நினைத்து, படக்கென்று ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டேன். மெதுவாகச் சுற்றியிருக்கலாம்.