டாக்டர் குணபூசணி வரமாட்டார்

“பதினாலாம் கட்டில்காரர் தவறிட்டாரும்மா. எவ்வளவோ பார்த்தோம். மன்னிச்சிடுங்க.”

டாக்டர் குணபூசணி சொல்லி முடிப்பதற்குள் மாரியாயி தரையில் சரிந்துவிட்டாள். கிள்ளான் பட்டணத்துப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ஆண்கள் வார்டு வராந்தா அது. மதியம் பார்வையாளர்களை உள்ளே விடும் நேரம். சோற்றுத் தூக்கும் பிளாஸ்க்குமாக நின்றிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாரியாயி மார்பில் அறைந்துகொண்டு கத்தினாள். தொழிற்சாலைச் சீருடையோடு வந்திருந்த தனலெட்சுமி ஓடிப்போய் அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். தனலெட்சுமியின் அப்பா நாகையாவும் அதே வார்டில்தான் கிடந்தார். இத்தனை நாளில் இருவரும் குழம்பும் ரசமும் பங்கிட்டுப் பழகியிருந்தார்கள்.

“அழுவாதீங்கக்கா. நான் இருக்கேன்லா. தண்ணி குடிங்க.”

அப்போதுதான் வராந்தாவின் மறுகோடியிலிருந்து ஒரு சக்கர நாற்காலி உருண்டு வந்தது. அதில் மாரியாயியின் கணவர், பதினாலாம் கட்டில் லோரி டிரைவர் வேலாயுதம், உட்கார்ந்திருந்தார்.

“ஏ மாரி, என்னா சத்தம்? யாரு செத்தது?”

“நீதான்யா!” என்று அலறினாள் மாரியாயி. “நீதான்யா செத்துட்டே, டாக்டரம்மா சொன்னாங்க!”

“எக்ஸ்ரே எடுக்கத்தான்டி போனேன்!”

வராந்தாவே சிரித்தது. மாரியாயி எழுந்துபோய்ப் புருஷனின் தோளில் ஓர் அடி வைத்தாள், பிறகு அந்தத் தோளையே பிடித்துக்கொண்டு அழுதாள். தனலெட்சுமியும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்த பிறகு அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

“அப்போ யாரு டாக்டர்?”

குணபூசணி தனலெட்சுமியின் பக்கம் திரும்பினாள்.

“எங்க அப்பாவா?”

ஆமென்று தலையை ஆட்டினாள்.

அந்த வார்டில் கட்டிலுக்கு இரண்டு ஆள் என்கிற கணக்கில் நோயாளிகள் கிடந்தார்கள். இரும்புக் கட்டில்களுக்கு நடுவே கேன்வாஸ் கட்டிலை விரித்து, பதினாலுக்குப் பக்கத்தில் போட்டதற்குப் பதினாலு ஏ என்று அட்டை மாட்டுவார்கள். பெயர் சொல்ல யாருக்கும் நேரமில்லை. நர்ஸ் மிஸிகளும் டாக்டர்களும் எண்ணைத்தான் சொன்னார்கள். நாளடைவில் சொந்தக்காரர்களே, “நான் இருவது ஏயோட மவன்” என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். காலையில் பதினாலு ஏ-யான நாகையாவின் மார்பைக் கைகள் மரத்துப்போகும்வரை அமுக்கியவள் குணபூசணிதான். கண்களை மூடிவிட்டவளும் அவள்தான். அங்கிருந்து வராந்தாவுக்கு வருகிற வழியில் அந்த ‘ஏ’ எங்கேயோ உதிர்ந்துபோயிற்று. முதல்நாள் காலையில் வேலைக்கு வந்தவள் இன்னும் படுக்கவில்லை.

மாரியாயி இப்போது தனலெட்சுமியைத் தன் மடிக்கு இழுத்திருந்தாள். அங்கிருந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

“நீயெல்லாம் படிச்சவளா? செத்தது இந்தப் புள்ளையோட அப்பன். இது எனக்குத் தண்ணி குடுத்து தேத்திக்கிட்டு இருந்துச்சு. அதைப் பாத்துக்கிட்டுத்தானே நின்னே?”

ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது குணபூசணிக்கு.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள் அவள். அப்பா விநாயகமூர்த்தி ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மகளை மெட்ராசுக்கு அனுப்பி மருத்துவம் படிக்கவைத்தார். அவள் திரும்பி வந்த வாரமே வாசல் கேட்டில் அவள் பெயர் பித்தளையில் ஏறியது. ஆரம்பத்தில் அவளுக்கு இந்த வேலை பிடித்திருந்தது. ஒரு நெஞ்சின் இரைச்சலை வைத்தே, உள்ளே நீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். பிறகு, அவளோடு வேலை பார்த்த டாக்டர்கள் ஒவ்வொருவராகப் பிரைவேட் ஆஸ்பத்திரிகளுக்குப் போனார்கள். போனவர்களின் இரவுகள் எல்லாம் இருப்பவர்கள் தலையில் விழுந்தன. ஒருநாள் சிக்னலில் ஸ்டீயரிங் மேல் தலைவைத்துத் தூங்கிப்போனாள். பின்னால் நின்ற பஸ்காரன் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினான். சாப்பிட்டோமா என்பதை வயிற்றைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்கிற நிலைமை. நோயாளி வாயைத் திறந்தாலே எரிச்சல் வந்தது. அப்படி வருவதை நினைத்துத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

இன்று அந்த எரிச்சல் முதல் தடவையாக இடம் மாறி, மேலிடத்தின் மேல் கோபமாகத் திரும்பியது.

பகுதித் தலைவர் டாக்டர் சண்முகரத்தினத்தின் அறையில் ஏர்கண்டிஷன் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குணபூசணியின் அப்பாவுக்குத் தெரிந்தவர். கோயில் நிர்வாகத்தில் இருவரும் ஒன்றாக இருந்தார்கள்.

“இரு பிள்ளை. நடந்தது நடந்துபோச்சு. அந்தக் குடும்பத்தோட நான் கதைக்கிறன்.”

“எனக்கு லீவு வேணும் சார்.”

“ஏன், காய்ச்சலோ?”

“காய்ச்சல் இல்லை. களைப்பு.”

அவர் சிரித்தார். “களைப்புக்கு ஆர் லீவு குடுக்கிறது? உன்ர வயசில நாங்கள் ஒரு ஆளாய் நாலு வார்டு பார்த்தனாங்கள். ஒருத்தரும் செத்துப்போகேல்லை.”

“நோயாளிகளுமா?”

சிரிப்பு நின்றது. “வீட்டை போய்க் குளிச்சுச் சாப்பிட்டிட்டு அஞ்சு மணிக்கு வா. இண்டைக்கு ராவும் நீதான் ஆன்-கால். டாக்டர் ராதாகிருஷ்ணனும் பிரைவேட்டுக்குப் போயிட்டான், வேற ஆள் இல்லை.”

“வரமாட்டன்.”

“அப்ப உன்ர நோயாளியள் சாகட்டுமோ?”

இந்த ஒரு கேள்விக்குத்தான் இத்தனை காலம் அவள் மறுபடி மறுபடி படியேறி வந்திருக்கிறாள். லீவு கேட்கிற ஒவ்வொருவரின் கழுத்திலும் இதைத்தான் மாட்டுவார்கள். கேட்பவன் கொலைகாரனாகிவிடுவான். கட்டில்களுக்கு நடுவே கட்டில் போட்டவர்களும், போன டாக்டர்களுக்கு மாற்று ஆள் போடாதவர்களும் கைகழுவிவிட்டு மாலையில் கோல்ப் ஆடப் போவார்கள்.

“நீங்க இருக்கிறீங்கள்தானே சார்.”

கெட்ட வார்த்தை கேட்டவர்போல அவர் பார்த்தார். இரவு வார்டில் நின்று அவருக்கு வருஷக்கணக்காகிவிட்டது.

“யோசிச்சு வா. அப்பாவுக்கு நான் இதொண்டும் சொல்லமாட்டன். மனுசன் தாங்கமாட்டார்.”

பிணவறைப் பக்கத்து பெஞ்சில் தனலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். மாரியாயி துணைக்கு இருந்தாள். குணபூசணி அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

“மன்னிச்சிடுங்க” என்றாள்.

“அப்பாவுக்கு வலிச்சிருக்குமா டாக்டர்?”

குணபூசணி நாகையாவின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். மெலிந்த விலா எலும்புகள் வந்தன. கேன்வாஸ் கட்டில் கிறீச்சிட்ட சத்தம் வந்தது. முகம் வரவில்லை. இன்று காலை தன் கையால் கண்களை மூடிவிட்ட மனிதரின் முகம்.

“இல்லைம்மா” என்றாள். அது உண்மையா என்று அவளுக்குத் தெரியாது.

நாளைக்கு இன்னொரு பிள்ளை இதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும், அதற்கும் முகம் தெரியாமல் இதே பதிலைச் சொல்லுவோம் என்பது தெரிந்தது. காரை எடுத்தாள். வழி முழுக்க ஜன்னலை இறக்கிவிட்டு, யாரையென்று இல்லாமல் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே ஓட்டினாள். தூங்காமலிருக்க அது உதவியது.

வீட்டு ஹாலில் பக்கத்து வீட்டு நேசம்மா மாமி, மாத்திரைப் பொட்டலங்கள் அடங்கிய பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அப்பா போன் பக்கத்தில் நின்றார். அவர் முகம் கறுத்திருந்தது.

“சண்முகரத்தினம் போனில கதைச்சவர். எல்லாம் சொன்னவர். என்ன பிள்ளை இது? மரியாதையாய் அஞ்சு மணிக்குப் போ.”

சொல்லமாட்டேன் என்ற மனிதர், அவள் கிள்ளானைத் தாண்டுவதற்குள் சொல்லியிருக்கிறார்.

“போகமாட்டன் அப்பா.”

“ஊர் என்ன சொல்லும்?”

“ஊர் வந்து வார்டைப் பார்க்கட்டும்! ஒருத்தி தன்ர அப்பா செத்தது தெரியாமல் வேற ஒருத்தியைத் தேத்திக்கொண்டு நிண்டவள். அப்படி அவளை நிப்பாட்டினது நான். நித்திரை இல்லாததாலை நிப்பாட்டினன். இண்டைக்குப் பிழையாய்ச் சொன்னன், நாளைக்குப் பிழையாய் ஊசி போடுவன். அப்ப கேட்டில என்ர பேரை வைச்சிருப்பியளோ?”

அப்பா வாசல் கேட்டைப் பார்த்தார். நேசம்மா மாமி பையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஐந்தடித்துக் கொஞ்ச நேரத்தில் போன் மணி அடித்தது. அப்பா எடுத்தார். சண்முகரத்தினம்தான். மகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

“ஓம்... ஓம். பிள்ளைக்குச் சரியான காய்ச்சல். எழும்பேலாமல் கிடக்கிறா.”

காய்ச்சலில் மானம் போகாது. அதை யாரிடமும் சொல்லலாம், கோயிலில்கூடச் சொல்லலாம். குணபூசணி போய் அவர் கையிலிருந்த ரிசீவரை வாங்கினாள்.

“சார், எனக்குக் காய்ச்சல் இல்லை. நான் வரமாட்டன். நாளைக்கும் வரமாட்டன். நித்திரை கொண்டு எழும்பினாப் பிறகு வருவன். அதுவரைக்கும் நீங்க நில்லுங்கோ.”

மறுமுனையில் ஏதோ கத்தல் கேட்டது. முழுவதும் கேட்காமல் வைத்துவிட்டாள். சண்முகரத்தினம் உண்மையிலேயே வார்டுக்குப் போவாரா, போகாவிட்டால் இன்று இரவு யார் போவார்கள் என்ற நினைப்பு வந்தது. அது வரட்டும் என்று விட்டாள்.

நேசம்மா மாமி மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

“அப்ப நீ இப்ப சும்மாதானே பிள்ளை நிக்கிறாய்? இந்தப் பிரஷரை ஒருக்காப் பாரன்.”

குணபூசணி அவரைப் பார்த்தாள். கத்துவதற்கு வாய் வரை வந்தது. “இல்லை மாமி” என்று மட்டும் சொன்னாள். அறைக்குள் போய், உடுத்தியிருந்த சேலையோடு, வெளிச்சம் இன்னும் மங்காத ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள். வெளியே போன் மறுபடி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.