3164 பெரிய எண்

வல்லம் வடகால் பக்கத்துப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். எண்களை ஒப்பிடும் பாடம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். இந்த ஆண்டு இரண்டு வாரம் இழுத்தது. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், என் மண்டைதான் ஓடவில்லை.

என் கணவர் வேலை செய்யும் கம்பெனியில் ஒரு லைனை மூடப் போவதாகப் பேச்சு. கடைசியில் சேர்ந்தவர்கள், அதாவது பெரிய டோக்கன் நம்பர்காரர்கள், முதலில் வெளியே போக வேண்டும். எந்த நம்பரோடு நிறுத்துவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவருடையது 3146.

அந்த நேரம் பார்த்து இறங்கு வரிசைப் பாடம். பெரிய எண்ணை முதலில் எழுதச் சொன்னால், முன்வரிசையில் உட்காரும் பெண் 812-ஐ முதலிலும் 3500-ஐக் கடைசியிலும் எழுதி வைத்திருந்தாள்.

“ஏன்டி இப்படி?”

“எங்கப்பா கம்பெனில சின்ன நம்பருதான் டீச்சர் பெருசு. எட்நூறு நம்பரு அங்கிளுங்கோ எல்லாம் சீனியரு. அவங்கள யாரும் ஒண்ணும் கேக்க முடியாதாம்.”

அவள் அப்பாவுக்கும் அதே கம்பெனிதான். அங்கே அவள் சொன்னது சரி, என் புத்தகத்தில் தப்பு. இடப்பக்கத்திலிருந்து பார் என்றேன். முதலில் ஆயிரம், அது சமமாக இருந்தால் நூறு, அதுவும் சமமென்றால் பத்து. தலையாட்டினாள். பிறகு கேட்கக்கூடாததைக் கேட்டேன்.

“உங்கப்பா நம்பர் என்ன?”

“மூணு ஒண்ணு ஆறு நாலு.”

ஆயிரம் சமம். நூறு சமம். பத்தில் என் கணவருக்கு நான்கு, அவள் அப்பாவுக்கு ஆறு. அப்பாடா என்று இருந்தது. வெட்கப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் வெட்கம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். 3150-லிருந்து மேலே உள்ளவர்கள் எல்லோரும் போக வேண்டும். கணவர் வீட்டுக்கு வந்து டிபன் பாக்ஸைக் கழுவப் போட்டார்.

“நம்ம தப்பிச்சிகினோம்” என்றார்.

சரி என்று சொல்லிவிட்டுக் குழம்பைச் சூடு பண்ணினேன். சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்திருந்தது. அவர் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை அந்தப் பெண் வழக்கம்போல வந்தாள். கொடுத்த கணக்கை எல்லாம் சரியாகப் போட்டு நோட்டை என் மேசைக்குக் கொண்டுவந்தாள். திருத்துவதற்குள் கேட்டாள்.

“உங்க வூட்டு சாரு நம்பரு இன்னா டீச்சர்?”

பொய் சொல்லியிருக்கலாம். அதற்குக்கூடத் தெம்பில்லை, உள்ளதைச் சொன்னேன். நோட்டின் ஓரத்தில் இரண்டு எண்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினாள். இடப்பக்கத்தில் விரலை வைத்து, நான் சொல்லிக் கொடுத்தபடியே மெதுவாக நகர்த்தினாள். பத்துகள் இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

“எங்கப்பாதுதான் பெருசு” என்றாள்.

சரியான விடைதான். நான் டிக் போடுவேன் என்று நோட்டைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.