பிள்ளையாரின் தும்பிக்கையில் ஒரு வரிப்புழு

போன வருஷம் ஆடி மாதச் சதுர்த்தி. ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால், மின்கம்பிகளுக்குக் கீழே ஒரு புல்வெளி இருக்கிறது. காலையில் அங்கே நடக்கப் போனவள், ஒரு செடியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டேன். தடித்த இலை, ஊதாப் பூங்கொத்து, காம்பை ஒடித்தால் பால். ஐயோ, எங்கள் எருக்கலை! கனடாவுக்கு வந்த நாளிலிருந்து பிள்ளையாருக்கு எருக்கலம்பூ மாலை போட முடியவில்லையே என்று கவலைப்பட்டவள் நான். விடுவேனா? கை நிறைய முறித்துக்கொண்டு, லொத்தர்ச் சீட்டு விழுந்தவள் போல வீட்டுக்கு ஓடினேன்.

மாலை கட்டிப் போட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டுத் திறந்தால், பிள்ளையாரின் தும்பிக்கையில் மஞ்சள், கறுப்பு, வெள்ளை வரி போட்ட புழு ஒன்று சாவகாசமாக ஏறுகிறது! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மாலையை உதறினால் இன்னும் ஆறு. எல்லாவற்றையும் அள்ளிப் பையில் போட்டு, எடுத்த இடத்திலேயே கொட்டிவிடலாம் என்று திரும்பிப் போனேன்.

நான் முறித்த செடிகளுக்கு முன்னால், வொலன்ரியர் என்று எழுதிய தொண்டர் மேற்சட்டை போட்ட ஒரு தமிழ்ப்பிள்ளை குந்தியிருந்தாள். அழாத குறை. என்ன பிள்ளை என்று கேட்டேன். மொனார்க் என்கிற செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி அருகி வருகிறதாம். அதன் புழுக்கள் இந்தச் செடியின் இனத்தைத் தவிர வேறெதையும் தின்னாதாம். வாராவாரம் வந்து அவற்றை எண்ணி எழுதி வைக்கிறவள் அவள். பேசாமல் நழுவியிருக்கலாம். ஆனால் வெட்கம் பிடுங்கித் தின்றது. பையை நீட்டினேன்.

"கோவிக்காதை பிள்ளை, நான்தான் முறிச்சனான். எருக்கலை எண்டு நினைச்சுப் பிள்ளையாருக்குப் போட்டிட்டன்."

திட்டப் போகிறாள் என்று நின்றேன். பைக்குள் பார்த்தவள் துள்ளி எழுந்தாள். "ஓ மை கோட், எல்லாம் உயிரோட இருக்கு அன்ரி! ஆனா எட்டு இருக்கோணும். ஒண்டு மிஸ்ஸிங்."

இரண்டு பேரும் வீட்டுக்கு ஓடினோம். சாமித்தட்டில் தேடாத இடமில்லை. கடைசியில் பிள்ளையாரின் காதுக்குப் பின்னால், அறுந்து ஒட்டியிருந்த ஒரு இலையை மும்முரமாகத் தின்றுகொண்டிருந்தது எட்டாவது. "உவருக்கு நல்ல பசி," என்றாள் அவள். வயிறு நோகச் சிரித்தோம். பிறகு எட்டையும் ஒவ்வொன்றாக முறியாத செடிகளில் ஏற்றிவிட்டோம்.

அடுத்த மாதம் அந்தப் புல்வெளியில் ஒரு செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி என்னைச் சுற்றிப் பறந்தது. எங்கள் எட்டில் ஒன்றோ, வேறேதோ, தெரியாது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சாமிக்கே என்றாலும், யாருடைய சோற்றில் கை வைக்கிறேன் என்று பார்க்காமல் இப்போது நான் ஒரு இலையைக் கூடக் கிள்ளுவதில்லை.