இஸபெலின் முடிவு

நாகலக்ஷ்மி மாமி மாட்டுங்காவிலிருந்து சான்பாடாவுக்கு வேலைக்கு வருகிறார். வடாலாவில் மின்சார ரயில் மாற வேண்டும். அதிலும் உட்கார இடம் கிடைத்துவிட்டால் அன்று முழுக்கச் சிரித்த முகம்தான். கப்பல் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடம் டைப்பிஸ்ட். ஓய்வு பெற்ற மறுமாதமே எங்கள் அலுவலகத்தில் சேர்ந்துவிட்டார். சும்மா இருந்தால் விரல் மரத்துப்போகிறதாம்.

ஸ்காட்லாந்தில் முந்நூற்றைம்பது வருடம் முன்பு சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களின் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுகிறோம். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக டைப் செய்வோம். ஒத்துப்போகாவிட்டால் திரையில் சிவப்புக் கோடு விழும்.

ஒரு வெள்ளிக்கிழமை அப்படி விழுந்தது. நெசவாளி மனைவி இஸபெல். பக்கத்து வீட்டுப் பசுவுக்குப் பால் வற்றியது இவளால்தான் என்று வழக்கு. 'முடிவு' என்ற கட்டத்தில் நான் 'எரிக்கப்பட்டாள்' என்று போட்டிருந்தேன். மாமி, 'தெரியவில்லை' என்று.

டீம் லீடர் நகுல் கடிகாரத்தைப் பார்த்தான். "அரே மாமி, தீர்ப்புல எரிக்கணும்னு க்ளியரா இருக்குல்ல? நாலு மணிக்கு இந்த பேட்ச் ஸ்காட்லாந்துக்குப் போகணும். மாத்திடுங்க."

"எரிக்கணும்னு இருக்கு. எரிச்சான்னு இருக்கோ?"

"எரிச்சிருப்பாங்க, மாமி."

"நீ போய்ப் பார்த்தியாக்கும்!"

முந்தைய நாள் டைப் செய்த சர்ச் பதிவேட்டை மாமி திறந்தார். தீர்ப்புக்கு இரண்டு வருடம் பிந்தியது. அதே ஊர், அதே நெசவாளி, அதே இஸபெல். ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமையில் துணி துவைத்தாள் என்று சபையில் கண்டித்திருக்கிறார்கள்.

"செத்துப்போனவ எப்படிடா துணி தோய்ப்பா?" என்று என்னைக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நகுல் இரண்டு பக்கங்களையும் படித்தான். "ஆனா லிஸ்ட்ல அதுக்கு வார்த்தை இல்லியே. எரிக்கப்பட்டாள், விடுதலை, தெரியவில்லை. மூணுதான்."

"நாலாவது கேளு. நான் காத்துண்டிருக்கேன்."

முனகிக்கொண்டே, வேலை கொடுத்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு மெயில் போட்டான். நாலு மணி தாண்டியது, ஐந்தும் தாண்டியது. மாமி டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் நேந்திரங்காய் வறுவல் கொடுத்தார். நகுலுக்கு ஒரு கை கூடுதலாக.

ஐந்தே முக்காலுக்குப் பதில் வந்தது. பட்டியலில் நாலாவதாக ஒரு வார்த்தை சேர்ந்திருந்தது: 'உயிர் தப்பினாள்.' எப்படித் தப்பினாள் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

மாமி விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு அதைத் தேர்ந்தெடுத்தார். நானும் திருத்தினேன்.

"சமத்துடீ!" என்றார் மாமி, திரையைப் பார்த்து.